தொட்டிக்குள் ஒரு காடு



2023 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தென்மேற்குப் பருவமழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மாலை வேளையில், திருவனந்தபுரம் சாலா கடைவீதிக்குப் பின்புறமுள்ள சந்து ஒன்றில் வீட்டுச் சந்திப்பிற்காகச் சென்றிருந்தேன். கோவில்பட்டிப் பகுதியிலிருந்து பிழைப்பைத் தேடி வந்து குடியேறிய குடும்பம் அது. தகப்பனார் கடைவீதியில் சுமை ஏற்றி இறக்குகிறவர். தாயார் வீட்டிலிருந்தபடியே தையல் தைக்கிறார். உடன் தகப்பனாரைப் பெற்ற ஆச்சியும் இருக்கிறார். ஒரே அறை, முன்னால் இரண்டு பேர் உட்காரக்கூடிய திண்ணை. அறையின் மூலையில், நான்கு வயது நிறைந்த மகன் கைப்பேசியில் கண் பதித்து உட்கார்ந்திருந்தான். நான் பெயர் சொல்லி அழைத்தும் அவன் தலை நிமிரவில்லை.

"பாஸ்டர், பத்து நாளாக இவன் அங்கன்வாடியில் வாயே திறப்பதில்லையாம். வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டது" என்று தாயார் வருத்தத்தோடு சொன்னார்.

நடந்தது இதுதான். அங்கன்வாடி திறந்த முதல் வாரத்தில் ஆசிரியை பிள்ளைகளிடம் ஊர்ப்பெயரைக் கேட்டிருக்கிறார். இவனும் ஆவலோடு "கோவில்பட்டி" என்று சொல்லியிருக்கிறான். பிள்ளைகள் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். ஒருவன் குரைத்தும் காட்டினானாம். நமக்குப் பட்டி என்றால் ஊர், அல்லது ஆடுமாடு அடைக்கும் இடம். மலையாளத்திலோ பட்டி என்றால் நாய். இதில் யார்மேலும் குற்றமில்லை. நான்கு வயதுப் பிள்ளைகள் சிரிப்பதற்குப் பெரிய காரணம் ஏதும் வேண்டுமா? ஆசிரியை இவனைத் தட்டிக்கொடுத்துத்தான் இருக்கிறார். ஆயினும் அன்றே இவன் வாய் மூடிக்கொண்டது. வீட்டில் அழுதவனைத் தேற்றக் கைப்பேசியைக் கொடுத்தார்கள். அது பத்து நாளில் பழக்கமாகிவிட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ளோருக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்றும் சொல்லியிருக்கிறது. நம்மில் எத்தனை வீடுகளில் இந்த எல்லை காக்கப்படுகிறது என்று நான் கேட்கப்போவதில்லை. மழைக்காலத்தில், ஒரே அறையில், தையல் வேலையும் அடுப்பு வேலையும் ஒருங்கே பார்க்கும் தாய்க்கு வேறு வழி எது என்பதே உண்மையான கேள்வி. அதற்கு ஒரு சிறிய விடையாகவே, மிருக பொம்மைகளை வைத்து ஒரு விளையாட்டுத் தொட்டி செய்து பார்க்கலாமே என்று அன்று நான் சொன்னேன். இக்காலத்துப் பள்ளிகளில் இதனைச் சென்சரி பின் என்று அழைக்கிறார்கள். தாழ்ந்த தொட்டி ஒன்றில் அள்ளவும் கொட்டவும் தோண்டவும் ஏற்ற ஒரு பொருளை நிரப்பி, அதற்குள் பொம்மைகளை வைத்துக் குழந்தையின் கைகளுக்கு வேலை கொடுப்பது, அவ்வளவே.

இது புதிதாக முளைத்த நாகரிகம் என்று எண்ண வேண்டாம். லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்னும் குழந்தை மருத்துவர் 1928 இல் சிறுவர்களுக்காக ஒரு மருத்துவ மனையைத் தொடங்கினார். எச்.ஜி. வெல்ஸ் 1911 இல் எழுதிய, தரையில் பொம்மைகளைப் பரப்பி விளையாடுவதைப் பற்றிய ஒரு சிறு நூல் அவர் மனதில் பதிந்திருந்தது. ஆகையால் சிறிய மிருகங்களையும் மனிதர்களையும் மரங்களையும் சேகரித்து வைத்தார். ஈர மணல் நிரப்பிய துத்தநாகத் தட்டையும் வைத்தார். பிள்ளைகள் தாங்களாகவே பொம்மைகளை எடுத்து மணலில் அடுக்கி, அதனை உலகம் என்று அழைக்கலானார்கள். வாயால் சொல்ல இயலாத துயரத்தைப் பிள்ளைகள் அம்மணலில் காட்டியதை அவர் கண்டார். நமது நாட்டிலும், 1939 இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையார், யுத்த காலத்தில் இத்தாலியர் என்பதனால் வெளியே செல்லக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டு, கொடைக்கானலில் சில ஆண்டுகள் தங்கியிருந்தார். சொரசொரப்பையும் வழுவழுப்பையும் விரலால் தடவி அறிய அவர் வகுத்த பலகைகளை இன்றும் மாண்டிசோரிப் பள்ளிகளில் காணலாம். கை அறிந்ததையே வாய் சொல்லும் என்பது அவருடைய கல்வி முறையின் அடித்தளம்.

எனக்கு இவையெல்லாம் ஏட்டறிவாக இருந்தனவேயன்றிக் கையறிவாக இல்லை. மறுநாள் இரண்டு கிலோ பச்சரிசியை வாங்கி, மஞ்சள் தூளைக் கலந்து காயவைத்து, பெருமையோடு எடுத்துச் சென்றேன். ஆச்சி அதைப் பார்த்த பார்வையை என்னால் மறக்கக்கூடவில்லை.

"அரிசியைக் கொட்டி விளையாடுவதா? ஒரு பருக்கை கீழே விழுந்தாலே பொறுக்கி எடுத்து வளர்ந்தவள் நான்" என்றார்.

நான் ஏதேதோ சமாதானம் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் அரிசியில் புழுங்கல் வாடை. எறும்புகள் வரிசை கட்டிவிட்டன. இரவில் எலி வந்து சென்ற அடையாளமும் இருந்தது. கேரளத்தில் மழைக்காலம் என்றாலே எலிக்காய்ச்சல் பயம் உண்டு என்பதை யாவரும் அறிவோம். எலியின் சிறுநீர் பட்ட பொருளில் குழந்தை கை வைத்து விளையாடுவதா? அரிசி முழுவதையும் எறிந்துவிட்டோம். ஆச்சி சொன்னதே சரி என்பதை அன்று ஒப்புக்கொண்டேன். உணவுப் பொருளை விளையாட்டிற்கு எடுக்கலாகாது என்பது வெறும் சிக்கனம் மட்டுமல்ல. நம்முடைய வீடுகளில் அதற்கொரு மரியாதை இருக்கிறது. பிள்ளைக்கு விளையாட்டைக் கொடுக்கிறோம் என்று அந்த மரியாதையை எடுத்துவிடக் கூடாது.

அதன்பின் கண்டுகொண்டதுதான் தேங்காய் நார்த்தூள். கயிறு திரிக்க நாரைப் பிரிக்கும்போது உதிரும் தூள் அது. இந்நாட்டில் நாற்றுப் பண்ணைகளிலும் உரக்கடைகளிலும் செங்கல் வடிவில் அழுத்தி விற்கிறார்கள். இங்குள்ளவர்கள் இதனைச் சகிரிச்சோறு என்பார்கள். பெயரைக் கேட்டவுடன் ஆச்சி, "இதுவும் சோறுதானா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார்! 650 கிராம் எடையுள்ள ஒரு கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்தால் ஏறக்குறைய எட்டு லிட்டர் அளவிற்குப் பொங்கி வரும். 45 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் அது ஆறு சென்டிமீட்டர் உயரத்திற்கு நிற்கும். குழந்தையின் கை மணிக்கட்டு வரை புதைவதற்கு இது போதும். நாரில் உப்பு இருக்குமாதலால் இரண்டு மூன்று முறை நீர் மாற்றி, துணியில் கட்டிப் பிழிந்து எடுக்க வேண்டும். முற்றிலும் உலர்ந்துவிட்டால் தூசி பறந்து மூச்சில் ஏறும். மிகவும் ஈரமாயிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிர வேண்டும். இதுவே பக்குவம். வெயில் கண்ட நாளில் முறத்தில் பரப்பிக் காயவைத்து மீண்டும் சிறிது நீர் தெளித்துக்கொள்ளலாம். பூஞ்சணம் கண்டால் தயங்காமல் செடிக்குப் போட்டுவிட்டுப் புதுக்கட்டி எடுங்கள்.

நார்த்தூள் கிடைக்காத இடங்களில் கழுவி வெயிலில் காயவைத்த மணல் ஆகும். ஆனால் வீட்டு முற்றத்து மண்ணை அப்படியே அள்ளிப் போட வேண்டாம். பூனையும் நாயும் எலியும் நடமாடும் மண் அது, கொக்கிப்புழுவும் அதில் இருக்கக்கூடும்.

தொட்டி எதுவாயினும் சரி. துணி ஊறவைக்கும் அகன்ற பிளாஸ்டிக் தொட்டி நன்று. ஆப்பிள் வரும் அட்டைப்பெட்டியின் அடிப்பாகத்தை வெட்டி, உள்ளே தடித்த பிளாஸ்டிக் தாள் விரித்தும் செய்யலாம். மூடி அவசியம், மூடி இல்லையென்றால் ஒரு பலகையும் அதன்மேல் ஒரு கல்லும் போதும். கீழே பழைய சேலையை விரித்துவிட்டால், விளையாட்டு முடிந்ததும் நான்கு முனைகளையும் பிடித்துச் சிந்தியதைத் தொட்டியிலேயே கொட்டிவிடலாம். வீட்டைப் பெருக்கும் வேலை அதிகமாகும் என்று தயங்குகிற தாய்மாருக்காகவே இதைச் சொல்லுகிறேன்.

இனி மிருகங்கள். இருபது முப்பது வாங்கிக் குவிக்க வேண்டாம். நாங்கள் ஏழு மட்டும் வைத்தோம்: யானை, புலி, பசு, நாய், ஆமை, நீர்யானை, குரங்கு. தொட்டியின் ஒரு பக்கம் சுள்ளிகளையும் இலைகளையும் நட்டுக் காடாக்கினோம். மறுபக்கம் இரண்டு சிரட்டைகளைக் கவிழ்த்துத் தொழுவமும் வீடும் ஆக்கினோம். நடுவில் ஒரு பழைய தட்டைப் பதித்து விரற்கடை அளவு நீர் ஊற்றினோம். அந்த நீரை அன்றன்றே கொட்டிவிட வேண்டும். கொசு முட்டையிட அதிக நாள் தேவையில்லை. ஒரு தேக்கரண்டி, ஒரு பழைய தேயிலை வடிகட்டி, ஒரு சிரட்டை அகப்பை ஆகியவை கைக்கருவிகள்.

பொம்மைகளைக் குறித்துச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைக்குள் முழுவதும் அடங்கிவிடும் எந்தப் பொருளும் மூன்று வயதிற்குட்பட்ட குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடும் என்பது பொம்மைப் பாதுகாப்பில் கையாளப்படும் அளவு. நம்முடைய பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். அதைவிடச் சற்றே பெரிய ஒரு வளையத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தவழும் தம்பியோ தங்கையோ இருந்தால் இந்த அளவை மிகவும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கப்படும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஆகையால் கடைவீதியில் கூறு கட்டி விற்கும் மிருகங்களை எடுக்கும்போது முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்; சாயம் ஒட்டுகிறதா, நாற்றம் அடிக்கிறதா என்றும் பாருங்கள். பித்தானைப் போன்ற சிறிய மின்கலம் வைத்துக் கத்தும் மிருகங்கள் வேண்டவே வேண்டாம். அம்மின்கலத்தை விழுங்கினால் சில மணி நேரத்திற்குள் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். தண்ணீரில் ஊறிப் பருக்கும் வண்ண ஜெல் மணிகளும் அப்படியே. பார்வைக்கு அழகு, ஆனால் விழுங்கிய வயிற்றுக்குள்ளும் ஊறிக் குடலை அடைத்துவிடும்.

சிவந்த விதைகளைக் குறித்தும் ஒரு வார்த்தை. குருவாயூரில் பெரிய உருளியில் சிவந்த விதைகளை நிறைத்து வைத்திருப்பதையும், பிள்ளைகள் அதில் இரு கைகளையும் விட்டு அள்ளுவதையும் இந்நாட்டார் யாவரும் அறிவர். விதைகளை அள்ளும் இன்பம் அத்தனை பழையது. ஆனால் முழுச் சிவப்பாயிருக்கும் மஞ்சாடி வேறு. ஒரு முனையில் கறுப்புள்ள குன்றிமணி வேறு. குன்றிமணி கடுமையான விஷம். மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மஞ்சாடியும் சிறு குழந்தையின் மூக்கிலும் காதிலும் நுழையக்கூடியதே. இரண்டையுமே நான் தவிர்த்துவிட்டேன். காட்டிற்காக இலை பறிக்கும்போது அரளியைத் தொடாதீர்கள். அதன் எல்லாப் பாகமும் விஷமே. மாவிலையும் கொய்யா இலையும் போதும்.

நிற்க. தொட்டி ஆயத்தமாகிவிட்டது, பையன் என்ன செய்தான்?

முதல் நாள் விரல் நுனியால் தொட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். இப்படிப்பட்ட பிள்ளைகளை வற்புறுத்திக் கையைப் பிடித்து அழுத்தலாகாது. தாயார் பக்கத்தில் உட்கார்ந்து தாமே அள்ளினார், தாமே யானையைப் புதைத்தார். நான் கேட்டுக்கொண்டபடி, "இது என்ன? அது என்ன?" என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பேச அஞ்சுகிற பிள்ளைக்குக் கேள்வி என்பது பரீட்சை. மாறாக, தாம் செய்வதையே சொல்லிக்கொண்டு செய்தார்: "குழி தோண்டுகிறேன். ஈரமாயிருக்கிறது. ஆமையின் முதுகு சொரசொரவென்றிருக்கிறது. மூடிவிட்டேன், ஆமையைக் காணோம்." இரண்டாம் நாள் அவன் ஆமையைத் தேடி எடுத்தான். மூன்றாம் நாள் நாயை எடுத்து, தொட்டியின் மூலையில் ஆழமாய்ப் புதைத்து, மேலே சிரட்டையைக் கவிழ்த்து, அதன்மேல் கையை அழுத்தி வைத்துக்கொண்டான். நெடுநேரம் எடுக்கவே இல்லை. தாயாருக்குக் கண் கலங்கிவிட்டது. அவரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுவே சரி. லண்டன் மருத்துவர் கண்டதும் இதைத்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மழை விட்டிருந்த ஒரு நாள் தொட்டியைத் திண்ணைக்குக் கொண்டுவந்தார்கள். பக்கத்து வீட்டு மலையாளச் சிறுமி, அவன் வயதுதான், அழைக்காமலே வந்து உட்கார்ந்தாள். தட்டிலிருந்த நீர்யானையைத் தூக்கி, "நீர்க்குதிர" என்றாள். பையன் அவளைப் பார்த்தான். அவள் மறுபடியும் "நீர்க்குதிர" என்றாள். "குதிரை இல்லை! யானை! நீர்யானை!" என்று அவன் கத்தினான். பல நாளாக அந்தச் சந்தில் கேட்காத சத்தம் அது.

இருவரும் சரியே. நாம் அதன் உடலைப் பார்த்து யானை என்றோம். மலையாளத்தார் குதிரை என்றார்கள். கிரேக்க மொழியிலும் அதன் பெயருக்கு ஆற்றுக் குதிரை என்றே பொருள். சண்டை முற்றவே, தாயார் ஏழு மிருகங்களையும் வரிசையாக வைத்தார். நம்முடைய யானை அவர்களுக்கு ஆன, ஆமை ஆம. பசு இரு வீட்டிற்கும் பசுவே. புலியில் ஒரு சிக்கல்: கோடு போட்டதை நாம் புலி என்போம், அவர்கள் கடுவ என்பார்கள், புலி என்று அவர்கள் சொன்னால் பெரும்பாலும் புள்ளி போட்ட சிறுத்தையே. கடைசியில் நாய் வந்தது. சிறுமி "பட்டி" என்றாள். தாயார் சிரித்துக்கொண்டே, "எங்கள் ஊரில் பட்டி என்றால் மாடு கட்டுகிற இடம்" என்று சொல்லி, கவிழ்த்திருந்த சிரட்டையைக் காட்டினார். பையன் பசுவை எடுத்துச் சிரட்டைக்குள் விட்டான். "பசு பட்டியில இருக்கு" என்றான். சிறுமி சிரித்தாள், இம்முறை அவனும் சிரித்தான்.

புலம்பெயர்ந்த வீடுகளில் நம்முடைய சொற்கள் எவ்விதம் தேய்கின்றன என்பதை நான் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன். பசி, தூக்கம், குளியல், கடை ஆகிய நாலைந்து காரியங்களுக்கான தமிழ் மட்டும் எஞ்சி, மற்றதெல்லாம் கழன்றுவிடுகிறது. தொல்காப்பியத்தின் மரபியல் விலங்குகளின் இளமைப் பெயர்களையே ஒன்பதாக எண்ணிச் சொல்லுகிறது. அத்தனையும் வேண்டாம், யானைக்குக் கன்று, நாய்க்குக் குட்டி, கோழிக்குக் குஞ்சு என்பதாவது நம் பிள்ளைகள் நாவில் இருக்க வேண்டாமா? யானை பிளிறும், குதிரை கனைக்கும், நாய் குரைக்கும், மயில் அகவும் என்று தொட்டியருகே ஆச்சி சொல்லத் தொடங்கியபோது, எனக்கே மறந்துபோன சொற்கள் திரும்ப வந்தன. அரிசிக்காக என்னிடம் கோபித்தவர், இப்போது மாலை தோறும் தொட்டிக்குப் பக்கத்தில் முதலாவதாக உட்காருகிறவர் அவரே. அங்கன்வாடியில் மலையாளமும் வீட்டில் தமிழும் என்று இரண்டு மொழி கேட்பதால் குழந்தைக்குப் பேச்சு கெட்டுவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது உண்மையல்ல. இரண்டையும் ஒருங்கே தாங்கும் திறன் சிறு பிள்ளைக்கு உண்டு.

ஆயினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பையன் ஏற்கெனவே நன்றாகப் பேசியவன்; அவமானத்தால் வாய் மூடினவன். இரண்டு வயது நிறைந்தும் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லாத குழந்தை, பெயர் சொல்லி அழைத்தால் ஒருபோதும் திரும்பாத குழந்தை, பேசிய சொற்களையும் இழந்துவரும் குழந்தை, எந்த ஈரமும் எந்தத் துணியும் தோலில் படச் சகியாத குழந்தை ஆகியோருக்குத் தொட்டி மருந்தல்ல. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1987 முதல் குழந்தை வளர்ச்சி மையம் இயங்குகிறது. ஆக்குளத்தில் 1997 இல் தொடங்கிய நிஷ் என்னும் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. வெட்கப்படாமல் காலதாமதமின்றிச் செல்லுங்கள்.

அந்த நாட்களில் நகரமெங்கும் ஒரே பேச்சு குரங்கைக் குறித்தே. திருப்பதியிலிருந்து திருவனந்தபுரம் மிருகக்காட்சிச்சாலைக்குக் கொண்டுவரப்பட்ட அனுமன் மந்தி ஒன்று, ஜூன் மாத நடுவில் கூட்டைத் திறந்துவிட்ட வேளையில் மரத்திற்கு மரம் தாவித் தப்பிவிட்டது. அலுவலர்கள் பழங்களோடு மரத்தடியில் காத்து நின்றார்கள். மக்கள் கூட்டம் கூட்டமாய் அண்ணாந்து பார்த்தார்கள். 1850களில் தொடங்கிய அந்தப் பழைய மிருகக்காட்சிச்சாலை, நம் ஜனங்கள் கட்டணம் கொடுத்துப் பிள்ளைகளோடு எளிதாய்ச் சென்றுவரக்கூடிய இடம். திங்கட்கிழமை மட்டும் விடுமுறை. தகப்பனார் ஒரு ஞாயிறு மாலை மகனையும் பக்கத்து வீட்டுச் சிறுமியையும் அங்கே அழைத்துச் சென்றார். நீர்யானைக் குளத்தருகே மறுபடியும் சண்டை நடந்ததாம்! தொட்டியில் கையளவாய்ப் பிடித்த ஒன்றை உயிரோடு காணும்போது பிள்ளைகள் நிற்கும் நிலையே வேறு. முதலில் தொட்டி, பிறகு மிருகக்காட்சிச்சாலை, திரும்பி வந்து மறுபடியும் தொட்டி. இந்த வரிசையை நான் பெற்றோருக்குச் சிபாரிசு செய்வேன்.

ஏறக்குறைய மூன்று வாரங்களுக்குப் பின், ஜூலை முதல் வாரத்தில், நகரிலுள்ள ஜெர்மன் மொழி மையத்தின் கழிவறைக்குள் அந்த மந்தி அகப்பட்டது. செய்தி வந்த மாலை நான் அவ்வீட்டிற்குச் சென்றேன். பையனிடம் யாரும் சொல்லவில்லை போலும். தொட்டியில் குரங்கு இல்லை. அது தையல் இயந்திரத்தின் சக்கரத்தின்மேல் உயர உட்கார்ந்திருந்தது. மற்ற ஆறு மிருகங்களும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன, நாயும் உட்பட.

"பட்டி குரைச்சா அது இறங்காது" என்று அவன் நாயின் வாயை விரலால் மூடினான்.

"நாய்னு சொல்லுடா" என்றார் ஆச்சி.

"அங்கன்வாடியில பட்டி. இங்க நாய்" என்றான் அவன், ஆச்சிக்குத் தெரியாததைச் சொல்லிக்கொடுக்கும் தோரணையில்.

குரங்கு பிடிபட்ட செய்தியைச் சொல்ல வாயெடுத்தேன். "சத்தம் போடாதீங்க பாஸ்டர்" என்றான். நானும் பாயில் உட்கார்ந்து, அது இறங்கட்டும் என்று காத்திருந்தேன்.